லாந்தனாய்டு குறுக்கமும் மணவாளக்குறிச்சி மண்ணும்

மக்களே, ஒரே ஒரு கேள்வி. "லாந்தனாய்டு குறுக்கம் என்றால் என்ன? அதன் விளைவுகள் யாவை?" பிளஸ் டூ கெமிஸ்ட்ரில இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாம யாராவது தப்பிச்சு வந்திருக்கீங்களா? யூனிட் டெஸ்ட், மிட் டெர்ம், ரிவிஷன் ஒன்னு, ரிவிஷன் ரெண்டு, எல்லாத்துலயும் எழுதியிருப்போம். அணு எண் கூடக் கூட அயனியோட அளவு குறையுது, காரணம் 4எஃப் எலக்ட்ரான்களோட திரைமறைப்பு குறைவு, விளைவா சிர்கோனியமும் ஹாஃப்னியமும் கிட்டத்தட்ட ஒரே சைஸ். இப்பவும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டா பாதிப் பேரு சொல்லிருவோம்.

இப்போ ரெண்டாவது கேள்வி. அந்த லாந்தனாய்டு எங்க இருக்கு?

நாகர்கோவில்ல இருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். மணவாளக்குறிச்சி கடற்கரை மண்ணுல இருக்கு. மோனசைட்டுங்கிற கனிமம் வேற ஒன்னும் இல்ல, சீரியம், லாந்தனம், நியோடிமியம் மாதிரியான லாந்தனாய்டுகளோட பாஸ்பேட். கூடவே தோரியமும் இருக்கும். அதே மண்ணுல சிர்கானும் இருக்கு. சிர்கோனியத்தோட தாது அதுதான். அதாவது நாம மூணு மார்க்குக்கு எழுதின பதில்ல வர்ற தனிமங்கள்ல முக்காவாசி நம்ம மாவட்டத்துக் கடற்கரையில கெடக்கு. ரெண்டு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்ச நமக்கு இத யாரும் வகுப்புல சொல்லல. அதைவிட, நமக்கும் கேட்கணும்னு தோணல.

இந்தக் கட்டுரை அதப் பத்தித்தான். மேல்நிலை வகுப்புல கெமிஸ்ட்ரிங்கிற பேர்ல நாம உண்மையில என்ன படிக்கிறோம்? அது நமக்கு எதுக்கு? என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். முப்பது பாடத்தையும் படிக்க வச்சிட்டு, அதுக்குள்ள இருக்கிற அஞ்சாறு யோசனைகளைக் கையில கொடுக்காம அனுப்பி வைக்கிறாங்க. வேற ஊருல இது மார்க் பிரச்சினையோட முடிஞ்சு போகலாம். குமரி மாவட்டத்துல இது நம்ம மண்ணு, நம்ம தண்ணி சம்பந்தப்பட்ட பிரச்சினை.

புக் மேல கோபம் இல்ல

சிலபஸ் சரியில்லன்னு சொல்றது ஈசி. நான் அதச் சொல்ல வரல. 2018-19ல பிளஸ் ஒன்னுக்கும் 2019-20ல பிளஸ் டூவுக்கும் வந்த புதுப் பாடநூல் நல்லாவே இருக்கு. ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து 30 பாடம். மோல் கணக்கு, அணு அமைப்பு, தனிம வரிசை, வாயு விதிகள், வெப்ப இயக்கவியல், சமநிலை, உலோகவியல், வினைவேகம், மின்வேதியியல், புறப்பரப்பு வேதியியல், கரிம வேதியியல், உயிரியல் மூலக்கூறுகள். உலகத்துல எந்த நாட்டுல பள்ளிக்கூட கெமிஸ்ட்ரி எடுத்தாலும் எலும்புக்கூடு ஏறக்குறைய இதுதான்.

பிரச்சினை அந்த எலும்புக்கூட்டை நாம பாக்குற விதத்துல இருக்கு. நமக்கு கெமிஸ்ட்ரின்னா என்ன? இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200ல 50. நீட் எழுதுறவனுக்கு 720ல 180. கணக்கு கஷ்டம், பிசிக்ஸ் புரியல, அதனால "கெமிஸ்ட்ரில ஸ்கோர் பண்ணிரு மக்ளே" அப்டீன்னு வீட்டுலயும் டியூஷன்லயும் சொல்லுவாங்க. ஸ்கோர் பண்ற வழி புக் பேக் கேள்வி. அடுத்த வழி கிரியேட்டிவ் கேள்விக்கும் டியூஷன்ல கொடுத்த நோட்ஸ். எழுத்துத் தேர்வு 70 மார்க்குக்குத்தான் உயிரை விடுறது. மிச்சம் 30 செய்முறை, இன்டர்னல்னு தானா வந்து சேரும்.

நம்ம பேட்ச் கதை இன்னும் கொஞ்சம் வேற. 2020ல பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வே ரத்து. பிளஸ் ஒன் முழுக்க செல்போன்ல. 2021 பிப்ரவரியில ஸ்கூல் திறந்தாங்க, அதே மாசம் ஆல் பாஸ்னு அறிவிச்சாங்க. பிளஸ் ஒன் லேப்ங்கிறது நம்மில் பலருக்கு ஒரு யூடியூப் வீடியோ. பிளஸ் டூல போயி பியூரெட்டைக் கையில பிடிச்சு, பெர்மாங்கனேட் ஒரு சொட்டுல ரோஸ் கலர் ஆகுறதப் பார்த்து, கன்கார்டன்ட் வேல்யூ எழுதி வெளிய வந்தோம். காலேஜ் முதல் செமஸ்டர்ல இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி ஒரு பேப்பர். தண்ணி கடினத்தன்மை, நானோ, எரிபொருள், பேட்டரி. அதோட கெமிஸ்ட்ரிக்கு ஒரு பெரிய கும்பிடு. சிவில், மெக், சிஎஸ்இ எல்லாருக்கும் இதே கதைதான்.

இப்படி முடிச்ச பாடத்துல நமக்கு என்ன மிச்சம்? எதுவும் மிச்சம் இல்லன்னு சொன்னா அது பொய். யோசனைகள் உள்ள எங்கயோ கெடக்கு. அதை எதோட சேர்க்கணும்னு மட்டும் தெரியல. சேர்த்துப் பார்க்கலாம் வாங்க.

குலசேகரத்துல ஹார்டி-ஷுல்சே விதி

கூழ்மம் பாடத்துல ஹார்டி-ஷுல்சே விதி வரும். எதிர் மின்சுமை உள்ள அயனி கூழ்மத்தை உறைய வைக்கும், சுமை கூடுனா உறைய வைக்கிற சக்தியும் கூடும். படிச்சோம், எழுதினோம்.

குலசேகரம், அருமனை, கீரிப்பாறை பக்கம் போனா இந்தப் பாடம் தினமும் காலையில நடக்குது. ரப்பர் பால்ல மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணி. ரப்பர் துகள்களைச் சுத்தி புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு படலம் இருக்கு. அதுக்கு எதிர் மின்சுமை, அதாவது நெகட்டிவ் சார்ஜ். ஒரே சுமை உள்ள துகள்கள் ஒன்னையொன்னு தள்ளிக்கிட்டே இருக்கிறதால பால் பாலாவே நிக்குது. பால் வெட்டி முடிச்சு, சிரட்டையில இருந்து சேர்த்து, ட்ரேயில ஊத்தி, நல்லா தண்ணி கலந்த ஃபார்மிக் ஆசிட்டை விட்டா, ஹைட்ரஜன் அயனி அந்தச் சுமையைக் கொன்னுடும். பிஹெச் ஏறக்குறைய 5க்குக் கீழ இறங்கும்போது பால் உறைஞ்சு கட்டியாகும். அப்புறம் ரோலர்ல விட்டு ஷீட் அடிச்சு, புகை போட்டு, கொடியில தொங்க விடுவாங்க. பாலைப் பாலாவே விக்கணும்னா அமோனியா ஊத்துவாங்க. காரணம், சும்மா விட்டா பாக்டீரியா அதுல அமிலத்தை உண்டாக்கித் தானாவே உறைய வச்சிரும். அமோனியா பாக்டீரியாவையும் அடக்கும், பிஹெச்சையும் மேலேயே வச்சிருக்கும்.

இதுல பரீட்சைக்கு வராத ஒரு கேள்வி இருக்கு. ஷீட் அடிச்ச பிறகு அந்தத் தண்ணி எங்க போகுது? வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஓடைக்கு. அதுல எவ்வளவு அமிலம் இருக்குன்னு தெரிஞ்சுக்க பிளஸ் டூ லேப்ல இருக்கிற சாமானே போதும். அந்தத் தண்ணி 10 மில்லி எடுத்து, ரெண்டு சொட்டு ஃபினால்ஃப்தலீன் விட்டு, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால டைட்ரேட் பண்ணுங்க. 5 மில்லி போச்சுன்னு வச்சுக்குவோம். அப்போ அதுல உள்ள அமிலம் 0.5 மில்லிமோல். ஃபார்மிக் அமிலத்தோட மூலக்கூறு எடை 46. ஆக 0.023 கிராம், லிட்டருக்கு 2.3 கிராம். ஒரு வீட்டுல இருந்து ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், ஊருல எத்தனை வீடு, மழை இல்லாத மாசத்துல ஓடையில எவ்வளவு தண்ணி ஓடும்? இவ்வளவுதான் மோல் கணக்கு. ஆறு மாசம் நம்மளப் பயமுறுத்தின அதே கணக்குதான். இங்க விடை வெறும் நம்பரா நிக்காது. தண்ணியைக் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு விட்டா நல்லதுன்னு ஒரு முடிவா வரும்.

அக்கானிப் பானையில பிஹெச்

நம்ம ஊருல பதநீரை அக்கானின்னு சொல்லுவோம். பனையேறுறவங்க கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவாங்க. சுண்ணாம்பு இருந்தா அக்கானி, இல்லாட்டி கள்ளு. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். ஏன்னு கேட்டா பதில் பிளஸ் டூ புக்ல மூணு பாடத்துல சிதறிக் கெடக்கு. ஈஸ்ட்டு சர்க்கரையை ஆல்கஹாலாக்கும், அது ஹைட்ராக்சி சேர்மங்கள் பாடம். கால்சியம் ஹைட்ராக்சைடு தண்ணியில கொஞ்சம்தான் கரையும், ஆனா கரைஞ்ச அளவே பிஹெச்சை 12க்கு மேல தூக்கும், அது அயனிச் சமநிலை. அவ்வளவு காரத்துல ஈஸ்ட்டால வேலை செய்ய முடியாது.

இன்னொன்னும் இருக்கு. புளிச்ச அக்கானியைக் காய்ச்சினா கருப்பட்டி சரியா கட்டாதுன்னு காய்ச்சுறவங்களுக்குத் தெரியும். அமிலத்துல சுக்ரோஸ் உடைஞ்சு குளுக்கோசும் ஃபிரக்டோசும் ஆயிடுது. அந்தக் கலவை சுக்ரோஸ் மாதிரி லேசில படிகமாகாது, மத்ததையும் படிகமாக விடாது. இந்த சுக்ரோஸ் நீராற்பகுப்பு நமக்குப் புதுசு இல்ல. வினைவேகப் பாடத்துல "போலி முதல் வகை வினைக்கு எடுத்துக்காட்டு தருக"ன்னு கேட்டா நாம எழுதினது இதேதான். எத்தனை பேரு கருப்பட்டிக் காப்பி குடிச்சிக்கிட்டே அதை எழுதிப் படிச்சிருப்போம்! ரெண்டும் ஒன்னுன்னு சொல்ல ஒரு ஆள் இல்ல.

உப்பளத்துல கரைதிறன் பெருக்கம்

சுவாமிதோப்பு, புத்தளம் பக்கம் உப்பளம் பார்த்திருப்பீங்க. கடல் தண்ணியில லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உண்டு. அத வெயில்ல வத்த விட்டா எல்லாம் ஒன்னா கீழ படியாது. முதல்ல கால்சியம் கார்பனேட், அப்புறம் தண்ணி அஞ்சுல ஒரு பங்கா வத்தும்போது ஜிப்சம், பத்துல ஒரு பங்கு ஆகும்போதுதான் நம்ம சோறுக்குப் போடுற உப்பு. அதுக்கும் மேல வத்த விட்டா மெக்னீசியம் உப்புகள் சேர்ந்துக்கும். உப்பு கசக்கும், காத்துல ஈரத்தை இழுத்து நசநசன்னு இருக்கும். அதனாலதான் ஒரு பாத்தியில இருந்து இன்னொரு பாத்திக்குத் தண்ணியை மாத்தி மாத்தி விடுறாங்க, கடைசியில மிஞ்சுற கசப்புத் தண்ணியை வெளியேத்திடுறாங்க.

எது முதல்ல படியும், எது கடைசியில படியும்ங்கிறதுதான் கரைதிறன் பாடத்தோட மொத்த சாரமும். லேப்ல சால்ட் அனாலிசிஸ் பண்ணும்போது முதல் குரூப், ரெண்டாம் குரூப்னு பிரிக்கிறதும் இதே யோசனைதான். உப்பளத்துல வேலை பாக்குறவங்க பாத்தியைப் பாத்தே சொல்லிருவாங்க, நாம பொது அயனி விளைவுன்னு வரையறை எழுதுவோம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே இல்ல.

துருவைப் பத்தியும் ஒரு வார்த்தை, நான் சிவில்ங்கிறதால. கடற்கரை ஊருல சிலாப் அடியில கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளிய தெரியுறத எல்லாரும் பார்த்திருப்போம். கான்கிரீட் காரத்தன்மை உள்ளது, அதுல கம்பி மேல ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் காவல் நிக்கும். குளோரைடு உள்ள போனா அந்தப் படலத்தை உடைக்கும். கம்பியே ஒரு மின்கலம் ஆகி ஒரு பக்கம் ஆனோடு, இன்னொரு பக்கம் கேத்தோடு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கிறதால கான்கிரீட்டைப் பொளந்துரும். மின்வேதியியல் பாடம் புரிஞ்சவன் வீட்டுச் சுவருக்குக் கடல் மண்ணைக் கலக்க விடமாட்டான்.

இப்போ மண்ணுக்கு வருவோம்

இதுவரைக்கும் சொன்னது ரசனைக்கு. இனிமேல் சொல்றது நம்ம தலையெழுத்துக்கு.

1909ல ஷோம்பெர்க்ங்கிற ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து ஏத்துமதியான கயிறுல ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து, அதுல மோனசைட் இருக்கிறதக் கண்டுபிடிச்சார்னு சொல்லுவாங்க. அடுத்த ஒன்னு ரெண்டு வருஷத்துல மணவாளக்குறிச்சியில ஆலையே வந்துருச்சு. எதுக்கு? மேண்டில் செய்ய. கவுண்டமணி-செந்தில் பெட்ரோமாக்ஸ் காமெடியில செந்தில் கையில நசுங்குமே, அந்த மேண்டில்தான். 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்ந்தது அது. அந்தக் காலத்து ஐரோப்பாவோட தெருவிளக்கு நம்ம ஊரு மண்ணுல எரிஞ்சிருக்கு. அப்போ நாம திருவிதாங்கூர்ல இருந்தோம். 1950ல இந்திய அருமணல் ஆலை நிறுவனம் உருவாச்சு, 1956ல குமரி தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. ஆலை இன்னைக்கும் ஓடுது.

அங்க நடக்குறது பெரும்பாலும் பிரிக்கிற வேலை. இல்மனைட் காந்தத்துல ஒட்டும், மின்சாரத்தைக் கடத்தும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், ஆனா காந்தத்துல ஒட்டாது. மோனசைட் லேசா ஒட்டும், கடத்தாது. சிர்கான் ரெண்டும் இல்ல. இந்த வித்தியாசங்களை வச்சே கலந்து கெடக்குற மண்ணைத் தனித்தனியாப் பிரிச்சிடலாம். மோனசைட்டை வேதிமுறையில உடைக்கிறது வேற மாநிலத்துல நடக்குது. எரிசோடாவில வேகவச்சு பாஸ்பேட்டைப் பிரிச்செடுத்து, மிஞ்சுற ஹைட்ராக்சைடுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல போட்டு பிஹெச்சைக் கவனமாப் பிடிச்சு நிறுத்தினா, லாந்தனாய்டுகள் கரையும், தோரியம் ஹைட்ராக்சைடு கரையாம நிக்கும். மறுபடியும் அதே உப்பளத்து யோசனை, அதே சால்ட் அனாலிசிஸ்! இதுல வர்ற நியோடிமியம் இயர்பட்ஸ்லயும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார்லயும் காந்தமா இருக்கு. 2025 ஏப்ரல்ல சீனா சில அருமண் தனிமங்களோட ஏத்துமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் உலகமே பதறுனது ஏன்னு இப்போ புரியும்.

பதறினா அடுத்து என்ன நடக்கும்? நம்ம கடற்கரையைப் பாப்பாங்க. ஏற்கெனவே கிள்ளியூர் தாலுகாவுல கீழ்மிடாலம், மிடாலம், ஏழுதேசம், கொல்லங்கோடு உள்ளிட்ட பகுதிகள்ல 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்குற திட்டம் இருக்கு. 2024 அக்டோபர்ல நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால தள்ளிவைக்கப்பட்டுச்சு. 2025 செப்டம்பர்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக்கனிமச் சுரங்கத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பே வேண்டாம்னு விலக்கு கொடுத்துச்சு. அதத் திரும்பப் பெறணும்னு தமிழ்நாடு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இந்த விஷயத்துல நம்ம வாட்ஸ்அப் குரூப்புகள்ல ரெண்டே சத்தம்தான் கேட்குது. ஒரு பக்கம், "இந்த மண்ணால ஊரே அழிஞ்சிரும்." இன்னொரு பக்கம், "இது இயற்கையா இருக்கிறதுதான், ஒன்னும் ஆகாது, நாட்டுக்குத் தேவை." ரெண்டு பக்கமும் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படிச்சவங்க இருக்காங்க. ரெண்டு பக்கமும் அதைப் பயன்படுத்தல.

பயன்படுத்தினா என்ன கேட்போம்? தோரியம்-232ஓட அரை ஆயுள் 1,400 கோடி வருஷம், பிரபஞ்சத்தோட வயசைவிடக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவு மெதுவா சிதையுற ஒன்னு ஏன் கவலை தரணும்? காரணம், அதோட சிதைவு வரிசையில வர்ற மத்த தனிமங்கள் வேகமா சிதையும், காமா கதிரும் வரும், ஒரு கட்டத்துல வாயுவும் வரும். உலக சராசரி இயற்கைக் கதிர்வீச்சு வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். இந்தக் கடற்கரையில சில இடங்கள்ல அது பல மடங்கு. கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளியில ஏறத்தாழ 70,000 பேரை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்ச ஆய்வு 2009ல வெளியாச்சு. அந்த இயற்கைக் கதிர்வீச்சு கூடின இடத்துல புற்றுநோயும் கூடியிருக்குன்னு அதுல தெரியல. இத மறைக்கக் கூடாது. அதே நேரத்துல அந்த ஆய்வு கேட்ட கேள்வி ஒன்னு, கிள்ளியூர்க்காரங்க கேட்குற கேள்வி இன்னொன்னு. மண்ணு கெடக்குற இடத்துல கெடக்கும்போது என்னன்னு அது பாத்துச்சு. தோண்டி, கழுவி, காயவச்சு, லாரியில ஏத்தும்போது தூசி எவ்வளவு மூச்சுல போகும்? கழுவுன தண்ணி எங்க போகும்? மோனசைட்டைப் பிரிச்செடுத்த பிறகு திருப்பிக் கொட்டுற மண்ணுல எவ்வளவு மிஞ்சும்? தோண்டின இடத்துல கடல் அரிப்பு என்ன ஆகும்? நிலத்தடி நீர்ல உப்பு ஏறுமா? கடைசி ரெண்டும் கெமிஸ்ட்ரி மட்டும் இல்ல, ஆனா இன்ஜினியரிங் பையன் கேட்க வேண்டிய கேள்விதான்.

என் நிலைப்பாட்டையும் சொல்லிடுறேன். கருத்துக்கேட்பு இல்லாம ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது. ஆபத்து நூறு சதவீதம் உறுதின்னு நான் சொல்லல. இந்தக் கேள்விகளுக்கு நம்பரோட பதில் சொல்ல வேண்டிய ஒரே இடம் அந்தக் கூட்டம்தான், அதுக்காகத்தான். ஆனா கூட்டம் நடந்தா அங்க கேள்வி கேட்க நமக்குத் தெரியணும். கேட்கத் தெரியாத ஊருல கூட்டம் வெறும் சடங்கா முடியும்.

1875ல நாகர்கோவில்ல அச்சான கெமிஸ்ட்ரி

இன்னொரு சிக்கல் நம்ம நாக்குல இருக்கு. நான் எல்கேஜில இருந்து இங்கிலீஷ் மீடியம். கோயாகுலேஷன் தெரியும், ஆனா பால் வெட்டுற அண்ணன் "பால் உறையுது"ன்னு சொல்றப்போ அது அதேதான்னு மூளைக்குள்ள மணி அடிக்கிறதில்ல. ஸ்லேக்டு லைம்னு எழுதின கைக்கு நீத்துன சுண்ணாம்பு வேற பொருள் மாதிரி தெரியுது. படிச்சது ஒரு மொழியில, ஊரு நடக்குறது இன்னொரு மொழியில. நடுவுல பாலம் இல்லன்னா, நாம படிச்சது நம்ம வீட்டுக்குக் கூட வந்து சேராது.

தமிழ்ல கெமிஸ்ட்ரி பேச முடியாதுன்னு யாராவது சொன்னா ஒரு தகவல் சொல்லுங்க. யாழ்ப்பாணம் மானிப்பாயில தமிழ்லயே மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் கிறீன் முயற்சியில "கெமிஸ்தம்"னு ஒரு வேதியியல் புத்தகம் 1875ல தமிழ்ல வந்துச்சு. அச்சடிச்ச இடம் நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகம். அதாவது மணவாளக்குறிச்சியில மோனசைட் இருக்குன்னு உலகத்துக்குத் தெரியுறதுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊருல தமிழ்ல கெமிஸ்ட்ரி அச்சாகியிருக்கு. 150 வருஷம் கழிச்சு நாம "தமிழ்ல சொன்னா புரியாது"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

இது வெறும் மொழிப்பற்று இல்ல. ஒரு திட்டத்தோட சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை நூத்துக்கணக்கான பக்கம், இங்கிலீஷ்ல இருக்கும். தமிழ்ல கிடைக்கிறது அதோட சுருக்கம்தான். அந்த முழு அறிக்கையைப் படிக்க யாரால முடியும்? மீன்பிடிக்கப் போற அண்ணனாலயா? இங்கிலீஷ் மீடியத்துல படிச்சு, கெமிஸ்ட்ரியும் ஃப்ளூயிட் மெக்கானிக்சும் முடிச்சு, சும்மா ரீல்ஸ் பாத்துக்கிட்டு இருக்கிற நம்மால முடியும்.

"மார்க்கு வேண்டாமா மக்ளே?"

எதிர்ப்பு வரும், தெரியும். "உனக்கென்ன, சீட் கிடைச்சு ஃபைனல் இயர் வந்துட்ட. கடலுக்குப் போறவர் பிள்ளைக்கும் பால் வெட்டுறவர் பிள்ளைக்கும் அந்த 50 மார்க்குதான் வாழ்க்கை. உப்பளத்துக்கு டூர் கூட்டிட்டுப் போனா கட்-ஆஃப் வருமா?" நியாயமான கேள்வி. மார்க்கை இளக்காரமா பேச எனக்கு உரிமை இல்ல. இந்த மாவட்டத்துல எத்தனையோ குடும்பம் அந்த மார்க்கால மேல வந்திருக்கு. ஆசிரியர்களையும் குறை சொல்ல மாட்டேன். போர்ஷன் முடிக்கணும், ரிசல்ட் காட்டணும், லேப்ல சாமானும் கம்மி.

அதனால நான் கேட்குறது சின்னது. சிலபஸ்ல ஒரு வரி மாத்த வேண்டாம். ஏற்கெனவே பண்ற அமில-கார டைட்ரேஷன்ல ஒரே ஒரு தடவை, பாட்டில்ல வச்ச அமிலத்துக்குப் பதிலா ஷீட் அடிச்ச தண்ணியை வைங்க. அயனிச் சமநிலை நடத்துற அன்னைக்கு மூணு பாத்தியில இருந்து மூணு பாட்டில்ல தண்ணி கொண்டுவந்து மேசையில வைங்க. லாந்தனாய்டு நடத்தும்போது இந்தத் தனிமங்களோட மண்ணு எங்க இருக்குன்னு ஒரு வாக்கியம் சொல்லுங்க. ஒரு பீரியடுக்கு மேல ஆகாது. ஊரோட சேர்த்துப் படிச்சது மறக்கவும் செய்யாது, அதனால மார்க்கும் குறையாது.

மிச்சம் நம்ம வேலை. எல்லா காலேஜ்லயும் என்எஸ்எஸ் கேம்ப் ஏழு நாள் நடக்குது. சுவருக்கு பெயின்ட் அடிக்கிறோம், பேரணி போறோம், குரூப் போட்டோ எடுக்குறோம். அதுல ஒரு நாள் பக்கத்து ஸ்கூல் பிளஸ் டூ பிள்ளைகளோட சேர்ந்து அந்த ஊருக் கிணத்துத் தண்ணியோட உப்பையும் பிஹெச்சையும் அளந்து, தமிழ்ல எழுதி, பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டலாம். இன்னொரு நாள் ஒரு தாக்க அறிக்கையை நாலு பேரா பிரிச்சுப் படிச்சு, ஊருல உள்ளவங்க கேட்குற கேள்விக்கு அதுல பதில் இருக்கான்னு பாத்துச் சொல்லலாம். ஆதரவோ எதிர்ப்போ அவங்க முடிவு பண்ணட்டும். எந்தப் பக்கத்துல என்ன நம்பர் இருக்குன்னு எடுத்துக் காட்டுறது நம்ம வேலை.

பிளஸ் டூ புக்கை எடைக்குப் போட்டிருப்பீங்க. பரவாயில்ல, பாடநூல் கழகத்தோட பிடிஎஃப் நெட்ல இலவசமா கெடக்கு, இங்கிலீஷ் மீடியம், தமிழ் மீடியம் ரெண்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நாலாவது பாடத்தைத் திறங்க. இந்தத் தடவை மார்க்குக்கு இல்ல, அதனால நிதானமா படிக்கலாம். கிள்ளியூர், மணவாளக்குறிச்சி பக்கத்துல இருந்து வர்ற ஜூனியர்ஸ், உங்க ஊருல யாராவது இந்தத் திட்டத்தைப் பத்தி ஏதாவது கேட்டிருந்தா, அந்தக் கேள்வியை அப்படியே தமிழ்ல எழுதி நம்ம பத்திரிகைக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல அதுக்குப் பதில் தேடுற வேலையை நாம சேர்ந்து ஆரம்பிப்போம்.